10.4-இலிருந்து 9.0-க்கு: அன்றாடம் ஓடும் ஒரு பழைய காருக்குக் கம்ப்ரஷன் தேர்ந்தெடுத்த விதம்

பின்னணி

வண்டி, 1960-களின் பிற்பகுதியில் வந்த எம்.ஜி.பி. திறந்த கார். நான்கு சிலிண்டர், 1798 சி.சி., ஐந்து மெயின் பேரிங், இரும்பு பிளாக், சிலிண்டர்களை மேலே மூடும் இரும்பு ஹெட், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். கம்ப்ரஷன் என்பது, பிஸ்டன் அடியில் இருக்கும்போது அதற்கு மேலே உள்ள இடம், அது உச்சிக்கு வந்ததும் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்ற விகிதம். இந்த எஞ்சின் தொழிற்சாலையிலிருந்தே இரண்டு கம்ப்ரஷன் அளவுகளில் வந்தது. வழக்கமானது 8.8, ஆக்டேன் (அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனின் எண்) குறைந்த பெட்ரோல் புழங்கும் இடங்களுக்கு 8.0. அந்த 8.8-கூட அன்றைய ஈயம் கலந்த உயர்தரப் பெட்ரோலை நம்பி வைத்த எண்தான். பம்பில் இன்று வருவது வேறு பெட்ரோல் என்பதால், தொழிற்சாலை எண்ணையே பழைமைவாதம் என்று ஒதுக்கிவிட்டு மேலே போகிறவர்கள் முதலில் இதைக் கவனிக்க வேண்டும்.

உரிமையாளர் இந்த வண்டியைத் துணி போர்த்தி நிறுத்தி வைப்பவர் அல்ல. வேலைக்கு இதில்தான் போகிறார். நெரிசலில் நிற்கிறார், விடுமுறையில் மலைப்பாதை ஏறுகிறார், எப்போதாவது நீண்ட பயணமும் உண்டு. வழக்கமாகப் போடுவது 95 ஆர்.ஓ.என். பெட்ரோல்; ஆர்.ஓ.என். என்பது ஆக்டேனை அளக்கும் முறைகளில் ஒன்று. நீண்ட பயணங்களில் சில இடங்களில் 91 மட்டுமே கிடைக்கும். பந்தயத்தில் அவருக்கு ஆர்வம் இல்லை.

எங்களிடம் வருவதற்கு முன்பு வேறொரு பட்டறையில் எஞ்சின் முழுதாகப் பிரித்துச் சேர்க்கப்பட்டிருந்தது. சிலிண்டர்கள் தேய்ந்திருந்ததால் 40 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு) ரீபோர், அதாவது சிலிண்டர்களைக் கடைந்து அகலமாக்கல். அதனால் போர் (சிலிண்டரின் விட்டம்) 80.26 மி.மீ.யிலிருந்து 81.28 மி.மீ. ஆனது, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) மாறாமல் 88.9 மி.மீ.; மொத்தக் கொள்ளளவு 1845 சி.சி. புதிய பிஸ்டன்களின் பெட்டியில் '9.5' என்று அச்சிட்டிருந்தது. ஹெட் கேஸ்கெட் ஒருமுறை ஊதியிருந்ததால் ஹெட்டையும் ஃபேஸிங் போட்டிருந்தார்கள், அதாவது அதன் அடிமுகத்தைச் சீவி மட்டமாக்கியிருந்தார்கள். அந்த ஹெட் அதற்கு முன்பு எத்தனை முறை ஃபேஸிங் கண்டது என்று யாருக்கும் தெரியவில்லை.

உரிமையாளரின் நண்பர் ஒருவர் இதே எஞ்சினை 10.5-இல் வைத்து எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓட்டுகிறார். அதனால் 9.5 என்பதை அடக்கமான எண்ணாகவே இவர் நினைத்திருந்தார். வந்தபோது அவர் சொன்னது: "கம்ப்ரஷனை ஏத்தின பிறகு வண்டி முன்னை விட மந்தமா இருக்கு. மேட்டுல சத்தம் போடுது. சாவியைத் திருப்பின பிறகும் ரெண்டு மூணு சுத்து சுத்திட்டுத்தான் நிக்குது."

கவனித்தவை

மூன்றாம், நான்காம் கியரில் 2000 முதல் 2800 ஆர்.பி.எம். வரை ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்தினால், தகர டப்பாவில் கோலிக்குண்டு உருள்வது போன்ற நாக்கிங் சத்தம் தெளிவாகக் கேட்டது. 3500-க்கு மேல் அடங்கிவிட்டது. இது எதிர்பார்க்கக்கூடியதே. சுடர் சிலிண்டரின் கடைசி மூலையை அடைவதற்கு முன்பு அங்கே மிஞ்சியிருக்கும் கலவை தானாகப் பற்றிக்கொள்வதுதான் நாக்கிங். அதற்கு அழுத்தமும் வெப்பமும் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். குறைந்த வேகத்தில் அதிகச் சுமை இழுக்கும்போது அந்த நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. தெருவில் ஓடும் வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அங்கேதான் கழிக்கிறது.

டைமிங் லைட் வைத்துப் பார்த்தபோது மந்தத்தின் காரணம் பிடிபட்டது. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்பு தீப்பொறி விழுகிறது என்பதுதான் அட்வான்ஸ். இங்கே ஐடிலில் (வண்டி நிற்கும்போது எஞ்சின் தானே ஓடும் வேகத்தில்) 6 டிகிரி, வேகம் ஏற்றினால் மொத்தமாக 24 டிகிரி மட்டுமே. இந்த எஞ்சினுக்கு 32 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். நாக்கிங் சத்தத்தை மறைக்க யாரோ, தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னுக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். அதோடு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த அட்வான்ஸ் ஸ்பிரிங்குகளில் ஒன்று நீண்டு தொய்ந்திருந்தது. அட்வான்ஸ் முழுவதும் 1900 ஆர்.பி.எம்.மிலேயே வந்து முடிந்துவிட்டது. மேல் வேகத்தில் போதாத அட்வான்ஸ், கீழ் வேகத்தில் அவசர அட்வான்ஸ் என்று இரண்டு பக்கமும் கெடுதல்.

பிளக்குகளைக் கழற்றியதும் 2, 3-ஆம் சிலிண்டர்களின் வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் அளவில் பளபளக்கும் புள்ளிகள் தெரிந்தன. லென்ஸில் பார்த்தால் அவை கரி அல்ல, அலுமினியம். பிஸ்டனிலிருந்து பெயர்ந்து வந்தவை. 1, 4-இல் அவை இல்லை. இந்த ஹெட்டில் நடு இரண்டு சிலிண்டர்களுக்கும் எக்ஸாஸ்ட் வழி ஒன்றுதான்; வெப்பம் அங்கே குவிகிறது. இன்லெட் வழிகளும் நான்குக்கு இரண்டுதான், ஒவ்வொன்றையும் இரண்டு சிலிண்டர்கள் பங்கிட்டுக்கொள்வதால் கலவையும் சீராகப் போவதில்லை. ஆகவே இந்த எஞ்சினின் தாங்கும் அளவைத் தீர்மானிப்பவை 2-ம் 3-ம்தான். நான்கின் சராசரியைப் பார்த்துப் பயனில்லை.

கிராங்க் சுற்றி எடுத்த கம்ப்ரஷன் அழுத்தம் 205, 200, 180, 205 பி.எஸ்.ஐ. எண்கள் உயரமாக இருந்தது ஒரு செய்தி. மூன்றாவது மட்டும் தாழ்ந்திருந்தது இன்னொரு செய்தி.

வேறு ஒன்றும் கண்ணில் பட்டது. இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். நடுவே இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகடு போன இடம் தெரியவில்லை. எஞ்சின் சூடான காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

முதல் முடிவு: ஹெட்டில் கை வைப்பதற்கு முன்

நாக்கிங் என்றதும் கம்ப்ரஷன் மேல் பழிபோட்டு ஹெட்டைக் கழற்றுவது எளிது. ஆனால் தொய்ந்த ஸ்பிரிங், சூடான காற்று, வறண்ட (பெட்ரோல் குறைந்த) கலவை ஆகிய மூன்றில் எதுவுமே தனியாக நாக்கிங்கைக் கொண்டுவரும். அவை மூன்றையும் சரிசெய்யாமல் ஹெட்டைத் திறந்தால் எது காரணம் என்று பிறகு சொல்லவே முடியாது. ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரைச் சோதனை இயந்திரத்தில் ஏற்றி, ஸ்பிரிங்குகளை மாற்றி, அட்வான்ஸ் 3500 ஆர்.பி.எம். வரை படிப்படியாக ஏறும்படி செய்தோம். தடுப்புத் தகட்டைப் போட்டோம். கார்புரேட்டர் ஊசிகளை ஒரு படி செறிவானவையாக மாற்றினோம். எத்தனால் கலந்த பெட்ரோல் தன்னிலேயே ஆக்ஸிஜனைக் கொண்டுவருவதால், பழைய ஊசியில் கலவை சற்று வறண்டே போகும். அதை ஈடுகட்டுவதும் இதில் அடக்கம்.

நாக்கிங் குறைந்தது, நிற்கவில்லை. 95 ஆர்.ஓ.என். பெட்ரோலில் முழுச் சுமையில் சத்தமில்லாமல் ஓட மொத்த அட்வான்ஸ் 26 டிகிரியைத் தாண்டக்கூடாது என்ற நிலை. அங்கே எஞ்சின் தன் வேலையைச் செய்வதில்லை. எரிதல் தாமதமாகி, வெப்பம் சைலன்சர் வழியே வெளியே போகிறது. இதன் பிறகுதான் ஹெட்டைக் கழற்றினோம்.

அளந்தது

ஹெட்டைத் தலைகீழாக மட்டமாக வைத்து, பிளக்கும் வால்வுகளும் போட்டபடியே, கலவை எரியும் அறையின் விளிம்பில் மெல்லிதாகக் கிரீஸ் தடவி, நடுவில் துளையிட்ட அக்ரிலிக் தகட்டை அதன் மேல் அழுத்தி, ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சாயம் கலந்த மண்ணெண்ணெயை விட்டோம். கடைசிக் குமிழி துளைக்கு வந்து வெளியேறும் வரை தகட்டைச் சற்றே சாய்த்துத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் குமிழியை விட்டுவிட்டால் அரை சி.சி. போய்விடும். நான்கு அறைகளும் 37.2, 37.6, 37.9, 37.7 சி.சி.; சராசரி 37.6.

பிஸ்டன் பக்கம் இதைவிடப் பொறுமை கேட்கும். டயல் கேஜ் வைத்துப் பிஸ்டனை பிளாக் முகத்திலிருந்து சரியாக 10 மி.மீ. கீழே இறக்கி, ஓரத்தைக் கிரீஸால் அடைத்து, மேலே தகடு வைத்து நிரப்பினோம். போர் அளவின்படி 51.9 சி.சி. கொள்ள வேண்டிய இடம் 55.3 சி.சி. கொண்டது. மிச்சம் 3.4 சி.சி. பிஸ்டன் தலையில் உள்ள குழி. டி.டி.சி.யில், அதாவது பிஸ்டன் ஏறும் உச்சியில், அது பிளாக் முகத்துக்கு 0.5 மி.மீ. கீழே நின்றது, அது 2.6 சி.சி. இறுக்கிய பிறகு கேஸ்கெட்டின் தடிமன் 0.9 மி.மீ., அதன் வளையம் சிலிண்டரைவிடச் சற்றே அகலம், அது 5.0 சி.சி. முதல் ரிங்குக்கு மேலே பிஸ்டனைச் சுற்றியுள்ள இடுக்கு, கணக்கின்படி அரை சி.சி.

கூட்டினால் 49.1 சி.சி. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 461.3 சி.சி. இரண்டையும் கூட்டி 49.1-ஆல் வகுத்தால் 10.4.

பெட்டியில் அச்சிட்ட 9.5 பொய்யல்ல. அறை 42.6 சி.சி. இருந்திருந்தால் இதே பிஸ்டன்களில் கணக்கு 9.5-க்குத்தான் வந்திருக்கும். பல வருடங்களில், பல கைகளில், ஃபேஸிங் போட்டுப் போட்டு ஹெட்டிலிருந்து 5 சி.சி. காணாமல் போயிருந்தது. பிஸ்டன் தயாரிப்பவருக்கு நம் ஹெட்டின் வரலாறு தெரியாது. அவர் அச்சிடும் எண், மற்ற எல்லாமே புதிதாக வந்த அளவில் இருந்தால் மட்டும் பொருந்தும் எண். ப்யூரெட்டும் ஒரு மாலைப்பொழுதும் இருந்தால் தெரிந்திருக்கக்கூடிய விஷயம் இது. எஞ்சின் மூடும் முன் இதைச் செய்யாத பட்டறைகள் இன்னும் நிறைய இருப்பது எனக்கு வருத்தம்.

மூன்றாவது பிஸ்டனை வெளியே எடுத்ததும் 180 பி.எஸ்.ஐ.க்கு விடை கிடைத்தது. முதல், இரண்டாம் ரிங்குகளுக்கு நடுவே உள்ள விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு விரிசல் விட்டுத் தளர்ந்திருந்தது. சிலிண்டர் சுவரில் கீறல் விழவில்லை. நல்ல நேரத்தில் திறந்திருக்கிறோம்.

நண்பரின் 10.5 ஏன் ஓடுகிறது

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எண்ணைக் குறைக்கச் சொன்னால் உரிமையாளர் மனம் ஒப்பமாட்டார், ஒப்பவும் வேண்டியதில்லை. கேட்பது நியாயமான கேள்வி.

10.4 என்பது பிஸ்டன் அடிமட்டத்திலிருந்தே அழுத்தத் தொடங்குவதாக வைத்துப் போடும் கணக்கு. உண்மையில் கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வு மூடும் வரை அழுத்தம் சேராது. அது எப்போது மூடும் என்பதை கேம் (வால்வுகளை இயக்கும் தண்டு) தீர்மானிக்கிறது. இந்த வண்டியில் இருப்பது தொழிற்சாலை கேம். இன்லெட் வால்வு அடிமட்டத்துக்குப் பிறகு 56 டிகிரியில் மூடுகிறது. டிகிரி தட்டு வைத்து அதையும் உறுதி செய்துகொண்டோம். கனெக்டிங் ராட் 165.1 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால், வால்வு மூடும் தருணத்தில் பிஸ்டனுக்கு மேலே ஏற இன்னும் 73.5 மி.மீ. மிச்சம். 88.9 மி.மீ.யில் அவ்வளவுதான் உண்மையான அழுத்தத்துக்குப் பயன்படுகிறது. அந்தத் தூரத்தை வைத்துப் போடும் டைனமிக் கம்ப்ரஷன் இந்த எஞ்சினில் 8.8-ஐ ஒட்டி வந்தது.

நண்பரிடம் கேம் விவரத்தைக் கேட்டு வாங்கினோம். அவருடையது பந்தயத்தை நோக்கிய கேம். இன்லெட் 70 டிகிரியில்தான் மூடுகிறது. அப்போது மிச்சம் 65 மி.மீ. 10.5 என்ற எண்ணை அதில் வைத்துப் போட்டால் டைனமிக் 8.0-க்குச் சற்றுக் கீழே நிற்கிறது. அதாவது வெளியில் சொல்லும் எண் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று. சிலிண்டருக்குள் நடக்கும் அழுத்தம் வேறு. அவர் வண்டி குறைந்த வேகத்தில் காற்றை இன்லெட் பக்கமே திருப்பித் தள்ளுவதால்தான் நாக்கிங்கிலிருந்து தப்பிக்கிறது. அதற்கு அவர் கொடுக்கும் விலை, 1200 ஆர்.பி.எம்.மில் குலுங்கும் ஐடிலும் 3000-க்குக் கீழே இழுவையின்மையும். அவர் ஓட்டும் விதத்துக்கு அது பொருத்தமே.

ஆக்டேன் எண்ணிலும் ஒரு குழப்பம் கலந்திருந்தது. உரிமையாளர் படித்த குறிப்புகளில் '10.5-க்கு 93 போதும்' என்று இருந்திருக்கிறது. அந்த 93, ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். என்ற இரண்டு ஆக்டேன் அளவுகளின் சராசரியைப் பம்பில் எழுதும் நாடுகளின் எண். அது ஆர்.ஓ.என். அளவில் சுமார் 98-க்குச் சமம். ஆர்.ஓ.என். சோதனை 600 ஆர்.பி.எம்.மில் மிதமான வெப்பத்தில் நடக்கிறது; எம்.ஓ.என். 900-இல், கலவையைக் கடுமையாகச் சூடாக்கி நடத்தப்படுகிறது. அதனால் ஒரே பெட்ரோலுக்கு எம்.ஓ.என். எண் எப்போதும் தாழ்ந்து நிற்கும். எந்த எண் என்று கேட்காமல் ஆக்டேனைப் பற்றிப் பேசினால் ஐந்து புள்ளி வரை தவறு நேரும். கம்ப்ரஷன் தேர்வில் அது மிகப் பெரிய தவறு.

எடுத்த முடிவும் காரணங்களும்

முன்னால் இருந்த வழிகள் பல. டைமிங்கைப் பின்னுக்கு வைத்து அப்படியே ஓட்டலாம் என்பது உரிமையாளர் ஏற்கெனவே அனுபவித்துப் பார்த்த வழி. கம்ப்ரஷனை 9.0-இலிருந்து 10.4-க்கு ஏற்றுவதால் கோட்பாட்டளவில் கிடைக்கும் ஆதாயம் 4 அல்லது 5 சதவீதம்தான். அதைக் காப்பாற்ற ஆறு, எட்டு டிகிரி டைமிங்கை விட்டுக்கொடுத்தால் அந்த ஆதாயம் போய், கையிருப்பும் கரைகிறது. தெருவில் ஓடும் வண்டியில் உயர்ந்த எண்ணைவிட, சரியான டைமிங்கைத் தாங்கும் எண்தான் அதிகச் சக்தி தரும் என்பது என் உறுதியான எண்ணம். இந்த வண்டி அதைப் பின்னர் காட்டியது.

ஆக்டேன் கூட்டும் திரவங்களைப் பயணம் முழுக்கச் சுமந்துகொண்டு ஓடுவது அன்றாட வண்டிக்கு ஆகாது. நீண்ட கேம் போடுவது கணக்கில் பொருந்தும், நெரிசலில் பொருந்தாது.

தடித்த கேஸ்கெட் என்ற யோசனையை உரிமையாளரே முன்வைத்தார். எளிது, ஹெட்டும் பிஸ்டனும் அப்படியே இருக்கும். ஆனால் 9.0-க்கு இறங்க வேண்டுமானால் 8.5 சி.சி. தேவை, அதற்கு கேஸ்கெட் ஒன்றரை மி.மீ. கூட வேண்டும். இந்த ஹெட்டின் அறை இதய வடிவம். அறைக்கு வெளியே தட்டையாக இருக்கும் பகுதியும் பிஸ்டன் தலையும் டி.டி.சி.யில் நெருங்கி வரும்போது நடுவில் சிக்கிய கலவை பிளக் பக்கம் பீய்ச்சித் தள்ளப்படுகிறது. ஸ்க்விஷ் என்பது அதுதான். அந்தப் பீய்ச்சல் கலவையைக் கலக்கி எரிதலை விரைவாக்கும். மூலையில் தங்கும் கலவையைக் குறைத்து, குளிர்ந்த உலோகத்தோடு ஒட்டி வைக்கும். இடைவெளி ஒரு மி.மீ.யை ஒட்டி இருந்தால் நன்றாக வேலை செய்யும். இந்த எஞ்சினில் ஏற்கெனவே 1.4 மி.மீ. இருந்தது. தடித்த கேஸ்கெட் போட்டால் 2.9 ஆகும். கம்ப்ரஷன் எண் இறங்கும், நாக்கிங் அந்த அளவுக்கு இறங்காது. ஆகவே இதை ஏற்கவில்லை.

அறையை மட்டும் குடைந்து 8.5 சி.சி.யைப் பெறலாமா என்றும் பார்த்தோம். பலமுறை முகம் சீவப்பட்ட ஹெட்டில் தண்ணீர் ஓடும் அறை எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தெரியாமல் அந்த அளவுக்குக் குடைவது பாதுகாப்பல்ல.

மூன்றாவது பிஸ்டன் விரிசல் விட்டிருந்ததால் பிஸ்டன்களை எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது. அதுவே வழியைத் தெளிவாக்கியது. அதே 81.28 மி.மீ. அளவில் ஆழமான குழியுள்ள பிஸ்டன்கள். ஹெட்டில் வால்வைச் சுற்றி நெருக்கும் சுவரைத் தளர்த்தி, கூர்மையான விளிம்புகளை மழுக்கி நாலரை சி.சி. அளவுக்கு மட்டும் கூட்டுவது. பிளாக் முகத்தை 0.3 மி.மீ. சீவி ஸ்க்விஷ் இடைவெளியைக் குறைப்பது. கம்ப்ரஷனை இறக்கும்போதே பிளாக்கைச் சீவுகிறீர்களே, அது ஏற்றும் வேலையல்லவா என்று உரிமையாளர் கேட்டார். ஏற்றும்தான், ஒன்றரை சி.சி. அளவுக்கு. ஆனால் அந்த ஒன்றரையைக் குழியில் திரும்பப் பெற்றுவிடலாம். நெருங்கிய ஸ்க்விஷ் இடைவெளியை வேறு எதிலும் பெற முடியாது.

இலக்கு எண் 9.0. 95 ஆர்.ஓ.என். பெட்ரோலில் முழு டைமிங் தாங்க வேண்டும், 91 மட்டும் கிடைக்கும் நாளில் இரண்டு மூன்று டிகிரி பின்னுக்கு வைத்து ஊர் போய்ச் சேர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளிலிருந்து வந்த எண் அது. 9.3 வரை போகலாம் என்று முதலில் பேசினோம். இரும்பு ஹெட், நடுவில் குவியும் வெப்பம், நெரிசல் ஆகிய மூன்றும் சேர்ந்து 9.0-க்கு இறங்க வைத்தன. அலுமினிய ஹெட்டாக இருந்திருந்தால் கொஞ்சம் மேலே போயிருப்போம்.

செய்த வேலை

அறைகள் நான்கையும் 42.0 சி.சி.க்குக் கொண்டுவந்தோம், ஒன்றுக்கொன்று வித்தியாசம் 0.2-க்குள். புதிய பிஸ்டன்களின் குழியைப் பட்டியலில் உள்ளபடி எடுத்துக்கொள்ளாமல் அளந்தோம்: 9.1 சி.சி. பிஸ்டன் இப்போது பிளாக் முகத்துக்கு 0.2 மி.மீ. கீழே, அதாவது 1.0 சி.சி.; கேஸ்கெட்டும் இடுக்கும் முன்போலவே. மொத்தம் 57.6 சி.சி. கம்ப்ரஷன் 9.0, டைனமிக் 7.6, ஸ்க்விஷ் இடைவெளி 1.1 மி.மீ.

சிலிண்டர் சுவர்களுக்கு லேசாக ஹோனிங் (உரசிச் சீராக்கல்). எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகள் பழைய இரும்பாகவே இருந்தன. ஈயம் இல்லாத பெட்ரோலில் அவை மெல்ல உள்ளே அமிழும் என்பதால் கடினமான இருக்கைகள் பொருத்தினோம். ஹெட் பெஞ்சில் இருக்கும்போது செய்யாவிட்டால் இதற்காகவே மறுபடி கழற்ற நேரிடும். தெர்மோஸ்டாட் 82 டிகிரி, அதை மாற்றவில்லை.

டைமிங் 800 ஆர்.பி.எம்.மில் 12 டிகிரி, 3600-இல் மொத்தம் 32. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் இயங்கும் வாக்குவம் அட்வான்ஸை மறுபடி இணைத்தோம். முந்தைய பட்டறை அதை அடைத்து வைத்திருந்தது. சீரான வேகத்தில், ஆக்ஸிலரேட்டர் லேசாக அழுத்தியிருக்கும்போது, சிலிண்டரில் கலவை குறைவு, மெதுவாக எரியும், கூடுதல் அட்வான்ஸ் கேட்கும். வாக்குவம் அட்வான்ஸ் அதைக் கொடுக்கிறது, மிதித்ததும் விலகிக்கொள்கிறது. பந்தய வண்டிக்கு அது வேண்டாததாக இருக்கலாம். தெரு வண்டியில் அதைக் கழற்றி வைப்பதற்குக் காரணமே இல்லை.

பின்னர் நடந்தது

கிராங்க் அழுத்தம் 168 முதல் 172 பி.எஸ்.ஐ. வரை, நான்கும் ஒன்றுபோல. முன்பு சத்தம் போட்ட அதே ஏற்றத்தில், அதே கியரில், அதே பெட்ரோலில் நாக்கிங் இல்லை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் நின்றது. ரோலிங் ரோடில் (உருளைகள் மேல் வண்டியை ஓட்டித் திறனை அளக்கும் இயந்திரத்தில்) சக்கரத்தில் கிடைத்த திறன், 26 டிகிரியில் 10.4-ஆக ஓடியபோது 63 குதிரைத்திறன், இப்போது 9.0-இல் 73. இதில் ஒரு பங்கு விரிசல் விட்ட பிஸ்டன் போய்ப் புதியது வந்ததால் கிடைத்தது, இன்னொரு பங்கு வால்வைச் சுற்றித் திறந்துவிட்டதால். எல்லாவற்றையும் கம்ப்ரஷன் கணக்கில் எழுதுவது சரியல்ல. ஆனால் கம்ப்ரஷனைக் குறைத்தால் வண்டி மந்தமாகும் என்ற உரிமையாளரின் அச்சம் அந்தத் தாளைப் பார்த்ததும் போய்விட்டது. நெரிசலில் வெப்பநிலை முள் முன்பு ஏறிய இடத்துக்கு ஏறவில்லை. எக்ஸாஸ்ட் வழியே வீணான வெப்பம் குறைந்ததே காரணம்.

நீண்ட பயணம் ஒன்றில் 91 மட்டும் கிடைத்திருக்கிறது. நான்காம் கியரில் 2500-க்குக் கீழே முழுதாக மிதித்தால் லேசான சத்தம். லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் கையால் திருப்பும் சிறு நட்டு உண்டு. எஞ்சினைப் பிரிக்காமல் டைமிங்கை நுணுக்கமாக முன்னும் பின்னும் நகர்த்த அதை வைத்திருக்கிறார்கள். எவ்வளவு திருப்பினால் 3 டிகிரி பின்வாங்கும் என்று டைமிங் லைட்டில் முன்பே பார்த்து, அவருக்குக் காட்டியிருந்தோம். வழியில் திருப்பினார், சத்தம் நின்றது, திரும்பி வந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். இந்தச் சிறு நட்டு இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளவர்கள் அதைத் துருவேற விடாமல் வைத்திருப்பது நல்லது.

ஒரு பருவம் ஓடிய பிறகு பிளக்குகளைப் பார்த்தோம். 2, 3-இன் பீங்கான் மற்ற இரண்டைவிடச் சற்று வெளிறியிருக்கிறது. இந்த ஹெட்டின் குணம் அது. அலுமினியப் புள்ளி எதிலும் இல்லை.

அடுத்த முறை மாற்றக்கூடியவை

பிஸ்டன் தேர்வில் ஒரு சமரசம் இருக்கிறது. இப்போதைய குழி வட்டமானது. அதனால் பிஸ்டனின் ஓர வளையம் மட்டுமே ஸ்க்விஷுக்குப் பயன்படுகிறது. ஹெட்டின் தட்டைப் பகுதிக்கு நேர் கீழே பிஸ்டனும் தட்டையாக இருந்து, அறைக்குக் கீழே மட்டும் குழிந்திருந்தால், இதே 9.0-இல் நாக்கிங்குக்கு இன்னும் இடைவெளி கிடைத்திருக்கும், அல்லது 9.3-க்குப் போகத் துணிவு வந்திருக்கும். இந்த அளவில் அப்படிப்பட்ட பிஸ்டன் வேண்டுமானால் செய்யச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். வண்டி அன்றாடத் தேவைக்கு என்பதால் உரிமையாளர் காத்திருக்க விரும்பவில்லை. நேரம் உள்ளவர்கள் அந்த வழியில் போகலாம்.

பிஸ்டன் வாங்கும் வரிசையும் மாற வேண்டும். முதலில் எந்தப் பெட்ரோல் நிச்சயம் என்று முடிவு செய்து, பிறகு கேமின் இன்லெட் மூடும் கோணத்தைத் தெரிந்துகொண்டு, ஹெட் அறையை அளந்து, அதன் பிறகே பிஸ்டனுக்குச் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் முதலில் நடந்தது இதன் தலைகீழ்.

அறையின் அளவு 42.0 என்பதையும், ஹெட்டின் இப்போதைய தடிமனையும் ஹெட்டின் ஓரத்திலேயே எண் பொறித்து வைத்திருக்கிறோம். இனி யார் ஃபேஸிங் போட்டாலும் எவ்வளவு போனது என்று தெரியும். உரிமையாளர் சில வருடங்கள் கழித்து நண்பருடையதைப் போன்ற கேம் போட ஆசைப்படுகிறார். அப்படிப் போட்டால் இப்போதைய 9.0-இல் டைனமிக் 6.9-க்கு விழுந்துவிடும், வண்டி கீழ் வேகத்தில் சோம்பும். இன்றுள்ள 7.6-ஐத் தக்கவைக்க அந்தக் கேமுக்குக் கம்ப்ரஷன் 10.0 வேண்டும், அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் எல்லாம் சேர்த்து 51 சி.சி.யை ஒட்டி. அந்தக் கணக்கையும் எழுதி எஞ்சின் ஏட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறோம்.